நரி வேட்டையும் துப்பாக்கிக் குண்டுத் தேர்வும்

நரி வேட்டைக்கான குண்டுத் தேர்வு என்பது, நரி, கொயோட்டி போன்ற நடுத்தர உடலுடைய நாய்க்குடும்ப விலங்குகளைச் சுடுவதற்கு எந்த எடையும் வேகமும் அமைப்பும் கொண்ட குண்டு பொருந்தும் என்று முடிவு செய்வதைக் குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான மாநிலங்களில் கொயோட்டி வேட்டை சட்டப்படி நடைபெறுவதால், அங்கு இது பரவலாகப் பேசப்படும் பொருளாக உள்ளது. இந்தியாவில் நரி முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்காகும். ஆகவே நரியைச் சுடுவதற்கு ஏற்ற குண்டு என்று இந்தியச் சட்டத்தின் பார்வையில் எதுவும் இல்லை.

எனினும் தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் காப்புக்காடுகளும் சதுப்பு நிலமும் குடியிருப்புகளும் நெருங்கியே அமைந்துள்ளன. ஒரு குண்டு எவ்வாறு பறக்கிறது, எங்கே நிற்கிறது, நின்ற பிறகு என்ன செய்கிறது என்பதை அறிந்தால், இப்பகுதியில் வேட்டை ஏன் தடை செய்யப்பட்டுள்ளது என்பதும் விளங்கும்.

நரியும் கொயோட்டியும்

தமிழ்நாட்டில் நரி என்று பொதுவாகக் குறிக்கப்படுவது பொன்னிறக் குள்ளநரி ஆகும். இதன் அறிவியல் பெயர் கேனிசு ஆரியசு. கொயோட்டி இதே பேரினத்தைச் சேர்ந்த கேனிசு லாட்ரன்சு ஆகும். இது வட அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் மட்டுமே வாழ்கிறது. இவை இரண்டும் நெருங்கிய உறவுடைய விலங்குகள். ஊளையிடுதல், இணையாக வாழ்தல், எலி, பழம், செத்த விலங்கு என்று கிடைத்ததை உண்ணுதல், மனிதக் குடியிருப்புகளின் ஓரத்தில் மறைந்து வாழ்தல் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான இயல்புகள்.

உடல் அளவில் வேறுபாடு உண்டு. வளர்ந்த நரி பொதுவாக 7 முதல் 11 கிலோ வரையும், கொயோட்டி ஏறத்தாழ 9 முதல் 20 கிலோ வரையும் எடை கொண்டவை. கிராமப்புறங்களில் வங்காநரி, குழிநரி என்ற பெயர்களால் அழைக்கப்படும் வங்காள நரி வேறு பேரினத்தைச் சேர்ந்தது. உருவில் இவற்றைவிடச் சிறியது.

தடித்த மயிரைக் கழித்துப் பார்த்தால் நரியின் உடல் மிக மெலிந்தது. இதயமும் நுரையீரலும் அடங்கிய நெஞ்சுப் பகுதி ஏறத்தாழ ஒரு தேங்காய் அளவே இருக்கும். வேட்டைக் குண்டு பற்றிய பேச்சு முழுவதும் இச்சிறு இலக்கைச் சுற்றியே அமைகிறது. அவ்விடத்தில் பட்டால் விலங்கு விரைவில் இறக்கும். வயிற்றிலோ காலிலோ பட்டால் ஓடி மறைந்து, பல மணி நேரமோ பல நாட்களோ துன்புற்றுச் சாகும்.

தோட்டாவின் பகுதிகள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு ஆகிய இரு சொற்களும் ஒரே பொருளில் வழங்கப்படுகின்றன. துல்லியமாகச் சொன்னால், குண்டு என்பது தோட்டாவின் ஒரு பகுதி மட்டுமே. ரைபிள் தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன.

1. கூடு: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. மற்ற மூன்றையும் தாங்கி நிற்பது.
2. பற்றுமருந்து: கூட்டின் அடியில் உள்ள சிறு மூடி. சுத்தி தட்டும்போது தீப்பொறியை உண்டாக்குவது.
3. வெடிமருந்து: எரிந்து வாயுவாக மாறி அழுத்தத்தை உருவாக்குவது.
4. குண்டு: அந்த அழுத்தத்தால் குழல் வழியே வெளியேறி இலக்கை நோக்கிச் செல்வது.

குண்டின் எடை உலகெங்கும் கிரெய்ன் என்ற பழைய அலகில் குறிக்கப்படுகிறது. 1 கிரெய்ன் 0.0648 கிராம் ஆகும். எனவே 55 கிரெய்ன் குண்டு என்பது சற்றேறக்குறைய மூன்றரை கிராம் மட்டுமே. காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிப்பது; .22 காலிபர் என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 22 பங்கு, அதாவது ஏறத்தாழ 5.6 மி.மீ.

எடை, வேகம், ஆற்றல்

பறக்கும் குண்டின் ஆற்றல், பள்ளி இயற்பியலில் வரும் இயக்க ஆற்றல் வாய்பாட்டின்படி அமைகிறது: எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். எடை இரட்டித்தால் ஆற்றல் இரு மடங்காகும்; வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். கொயோட்டி வேட்டையில் எடை குறைந்த, வேகம் மிகுந்த குண்டுகள் விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம். வேகமான குண்டு குறைவாகவே கீழிறங்கும் என்பதால், தொலைவைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் குறி பெரிதாகப் பிசகாது என்பது மற்றொரு காரணம்.

சில தோட்டாக்கள் குழல்வாயில் பெறும் ஆற்றல் தோராயமாகப் பின்வருமாறு:

- உரிமம் தேவைப்படாத ஏர்கன்: அதிகபட்சம் 20 ஜூல்
- .22 லாங் ரைபிள், 40 கிரெய்ன், நொடிக்கு 330 மீட்டர்: 140 ஜூல்
- .22 ஹார்னெட், 45 கிரெய்ன், நொடிக்கு 820 மீட்டர்: 980 ஜூல்
- .223 ரெமிங்டன், 55 கிரெய்ன், நொடிக்கு 990 மீட்டர்: 1,740 ஜூல்
- .22-250 ரெமிங்டன், 55 கிரெய்ன், நொடிக்கு 1,120 மீட்டர்: 2,230 ஜூல்
- .243 வின்செஸ்டர், 100 கிரெய்ன், நொடிக்கு 900 மீட்டர்: 2,640 ஜூல்

கொயோட்டி வேட்டையில் மிகுதியாகப் பயன்படுபவை 40 முதல் 55 கிரெய்ன் குண்டுகளைக் கொண்ட .223, .22-250 ஆகியவை. காற்று வீசும் திறந்த சமவெளியில், எடை கூடிய குண்டு காற்றால் குறைவாக ஒதுக்கப்படும் என்பதால் .243 பயன்படுத்தப்படுகிறது. .22 லாங் ரைபிள் தோட்டா முயல், அணில் போன்ற சிறு விலங்குகளுக்கு உரியது. அதைக் கொயோட்டிக்குப் பயன்படுத்தினால் காயப்படுத்தி விடும் வாய்ப்பே அதிகம் என்று அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் தவிர்க்கின்றனர்.

குழலின் உட்புறம் வெட்டப்பட்டுள்ள புரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்பதைப் போல, சுழலும் குண்டு முனை முன்னோக்கியே பறக்கும். நீண்ட, எடை கூடிய குண்டுகளுக்கு வேகமான சுழற்சி வேண்டும். ஆகவே ஒரே காலிபரிலும் எல்லா எடைக் குண்டுகளும் எல்லாத் துப்பாக்கிகளிலும் குறி தவறாமல் செல்வதில்லை.

குண்டின் வகைகள்

முழு உறைக் குண்டு: ஈய உள்ளகத்தைச் செம்புக் கலவை உறை முனை வரை மூடியிருக்கும். படைகள் பயன்படுத்துவது இவ்வகையே. இது பெரும்பாலும் உருமாறாமல் உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறி, மீதமுள்ள ஆற்றலுடன் மேலும் பறக்கும். நரி போன்ற மெலிந்த விலங்கைக் காயத்துடன் ஓடவிடும் என்பதாலும், பின்னால் இருப்பவருக்கு ஆபத்து என்பதாலும் வேட்டைக்கு இது பொருந்தாது.

மென்முனைக் குண்டு: முனையில் ஈயம் வெளியே தெரியும்படி உறை திறந்திருக்கும். உடலில் பட்டதும் முனை நசுங்கி விரியும். மான் போன்ற பெரிய விலங்குகளுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

குழிமுனைக் குண்டு: முனையில் சிறு குழி உண்டு. பட்டவுடன் விரைவாக விரியும் அல்லது சிதறும்.

நெகிழி முனைக் குண்டு: குழியின் மேல் கூரிய நெகிழி முனை பொருத்தப்பட்டிருக்கும். காற்றைக் கிழித்துச் செல்லும். பட்டவுடன் முனை உள்ளே தள்ளப்பட்டுக் குண்டு சிதறும். மெல்லிய உறை கொண்ட இவ்வகையே கொயோட்டி வேட்டையில் பரவலாக உள்ளது.

முழுச் செம்புக் குண்டு: ஈயம் இன்றிச் செம்பால் அல்லது செம்புக் கலவையால் செய்யப்படுவது. விரிந்தாலும் பெரும்பாலும் துண்டாகாது. ஈய நச்சைத் தவிர்ப்பதற்காகப் பயன்பாட்டுக்கு வந்தது.

தேர்வில் கவனிக்கப்படுபவை

கொயோட்டி வேட்டைக்காரர் குண்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளுக்கு விடை காண்கிறார்.

முதலாவது, விலங்கு உடனே இறக்குமா என்பது. வேட்டை அறத்தின் அடிப்படை இதுவே. காயப்பட்ட விலங்கைத் தேடிச் செல்லாமல் விடுவது எல்லா நாட்டு வேட்டைக்காரர்களிடமும் இழிவாகக் கருதப்படுகிறது.

இரண்டாவது, தோல் சேதமாகுமா என்பது. கொயோட்டியின் குளிர்காலத் தோலுக்குச் சந்தை உண்டு. தோலை விற்பவர்கள் சிறு துளையுடன் உள்ளே சென்று, உள்ளேயே சிதறி, மறுபுறம் வெளியேறாத குண்டை விரும்புகின்றனர்.

மூன்றாவது, எவ்வளவு தொலைவில் சுடுவது என்பது. அடர்ந்த புதர்க்காட்டில் 50 மீட்டருக்குள்ளும், திறந்த புல்வெளியில் 200 மீட்டருக்கு அப்பாலும் சுட நேரிடும். தொலைவு கூடக்கூடக் குண்டின் வேகம் குறைந்து, விரியும் திறனும் குறையும்.

நான்காவது, குண்டு தவறினாலோ ஊடுருவினாலோ எங்கே போய் நிற்கும் என்பது. விலங்கின் பின்னால் மண்மேடோ குன்றின் சரிவோ இருக்க வேண்டும். வானத்தைப் பின்புலமாகக் கொண்டு மேட்டின் உச்சியில் நிற்கும் விலங்கைச் சுடக்கூடாது என்பது வேட்டைப் பயிற்சியின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. .22 லாங் ரைபிள் குண்டே 1 கி.மீ.க்கு மேல் செல்லக்கூடியது; .223 குண்டு 3 கி.மீ.க்கு மேல் செல்லும்.

முதல் மூன்று கேள்விகளுக்கும் கடையில் விடை கிடைக்கும். நான்காவது கேள்விக்கு விடை நிலத்தில்தான் உள்ளது. எவ்வளவு நல்ல குண்டானாலும் சுடும் இடம் தவறானால் அந்தத் தேர்வு தவறானதே.

தம்தம் குண்டு

விரியும் குண்டின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஓர் இடம் உண்டு. 1890களில் கல்கத்தாவை அடுத்த தம்தம் படைக்கலச் சாலையில், கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே என்பவரின் மேற்பார்வையில், .303 ரைபிளுக்காக முனை உறை திறந்த குண்டு உருவாக்கப்பட்டது. உடலில் விரிந்து கொடிய காயத்தை ஏற்படுத்திய அது ஊரின் பெயராலேயே தம்தம் குண்டு எனப்பட்டது. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில், உடலுக்குள் எளிதில் விரியும் அல்லது தட்டையாகும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்ற பிரகடனம் ஏற்கப்பட்டது.

போரில் தடை செய்யப்பட்ட அதே அமைப்பு வேட்டையில் பரிந்துரைக்கப்படுவது முரண்பாடாகத் தோன்றலாம். போரில் வீரரைச் செயலிழக்கச் செய்தால் போதும், தேவையற்ற துன்பம் கூடாது என்பது பிரகடனத்தின் நோக்கம். வேட்டையிலோ விலங்கைக் காயத்துடன் விடுவதே தேவையற்ற துன்பம் எனக் கருதப்படுகிறது.

ரவைத் தோட்டாவும் நாட்டுத் துப்பாக்கியும்

இந்தியாவில் உரிமம் பெற்ற குடிமக்களிடம் ரைபிளைவிடப் பரவலாக இருப்பது 12 போர் எனப்படும் இரட்டைக்குழல் அல்லது ஒற்றைக்குழல் துப்பாக்கி. இதில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாகப் பல ஈய ரவைகள் அடங்கிய தோட்டா பயன்படுகிறது. புனே அருகே 1869இல் நிறுவப்பட்ட கட்கி வெடிபொருள் தொழிற்சாலையின் சக்திமான் தோட்டாக்கள் நன்கு அறியப்பட்டவை. பறவைகளுக்கான சிறு ரவைகள் முதல் எஸ்.ஜி., எல்.ஜி. எனப்படும் பெரிய ரவைகள் வரை இவற்றில் வகைகள் உண்டு. ரவைகள் விரைவில் பரவி வேகம் இழப்பதால், 35 முதல் 40 மீட்டருக்கு அப்பால் இவற்றைக் கொண்டு நரி அளவுள்ள விலங்கை உறுதியாகக் கொல்ல முடியாது.

நாட்டுத் துப்பாக்கி என்பது குழல்வாய் வழியாகக் கருமருந்தையும் ரவைகளையும் திணித்துச் சுடும் பழைய அமைப்பு. கள்ளத்தனமாக வேட்டையாடுவோர் இதில் பால்ரஸ் எனப்படும் எஃகுக் குண்டுமணிகளைப் பயன்படுத்துகின்றனர். எஃகு ஈயத்தைப் போல நசுங்குவதில்லை. பாறையிலோ மரத்திலோ பட்டால் எதிர்பாராத திசையில் தெறிக்கும். மருந்தின் அளவும் கையளவாகவே போடப்படுவதால் குழல் வெடித்துச் சுடுபவரே காயமடையும் ஆபத்தும் உண்டு. உரிமமின்றி இவ்வகைத் துப்பாக்கியை வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி குற்றமாகும்.

ஏர்கன் பற்றித் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. 2016ஆம் ஆண்டு படைக்கல விதிகளின்படி, .177 காலிபருக்கும் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதற்கு எதையும் சுடலாம் என்பது பொருளன்று. பாதுகாக்கப்பட்ட விலங்கையோ பறவையையோ ஏர்கன் கொண்டு சுட்டாலும் அது வேட்டையே. 20 ஜூல் ஆற்றலால் நரியை உடனே கொல்ல முடியாது. தோலுக்கடியில் தங்கும் குண்டால் சீழ் பிடித்த காயமே மிஞ்சும். மனிதர் கண்ணில் பட்டாலோ பார்வை பறிபோகும்.

ஈயத்தின் பின்விளைவு

குண்டின் வேலை விலங்கு விழுந்ததும் முடிந்துவிடுவதில்லை. ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் இறைச்சியில் பரவுகின்றன. அவ்வுடலைத் தின்னும் கழுகு, பருந்து, பிணந்தின்னிக் கழுகு ஆகியவற்றின் வயிற்று அமிலத்தில் ஈயம் கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. அமெரிக்காவில் அழிவின் விளிம்புக்குச் சென்ற கலிபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகின் இறப்புக்கு ஈய நச்சு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வகை வேட்டைக்கும் ஈயக் குண்டுகள் தடை செய்யப்பட்டன.

நீர்நிலைகளில் விழும் ரவைகள் வேறு வகையில் தீங்கு செய்கின்றன. வாத்து போன்ற பறவைகள் உணவை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும் பழக்கம் உடையவை. சேற்றில் கிடக்கும் ரவையைக் கல் என்று எண்ணி விழுங்கினால் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு மெலிந்து சாகும். இதனால் அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் சுடுவதற்கும் ஈய ரவை தடை செய்யப்பட்டுள்ளது.

தமிழ்நாட்டில் நரி வேட்டை

தமிழகத்தில் நரி வேட்டை பெரும்பாலும் துப்பாக்கி இன்றியே நடந்துள்ளது. நரிக்குறவர் சமூகத்தினர் சுருக்கும் கண்ணியும் வைத்து நரி பிடிப்பதில் திறன் பெற்றிருந்தனர். சமூகத்தின் பெயரே இதனைக் காட்டுகிறது. வேட்டை தடை செய்யப்பட்ட பிறகு அவர்கள் மணி கோத்தல், சிறு வணிகம் முதலிய தொழில்களுக்கு மாறினர். நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் 2023ஆம் ஆண்டு இச்சமூகம் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆங்கிலேயர் நீலகிரியில் வேட்டை நாய்களை ஏவி, குதிரையில் பின்தொடர்ந்து நரியைத் துரத்தும் விளையாட்டை நடத்தினர். இங்கிலாந்தின் செந்நரி வேட்டைக்கு மாற்றாக அமைந்த இது, உதகமண்டலத்தை அடுத்த வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் நடைபெற்றது.

நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கையால், சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வந்து ஓடவிடும் வழக்கம் இருந்தது. வனத்துறை இதனைத் தடுத்து வருகிறது. நரிக்கொம்பு என்ற பெயரில் விற்கப்படும் தாயத்துப் பொருளும் இத்தகைய நம்பிக்கையைச் சார்ந்ததே. நரிக்குக் கொம்பு கிடையாது.

இறைச்சிக்குள் நாட்டு வெடியை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய் முறை இவை எல்லாவற்றிலும் கொடியது. கடித்தவுடன் வாய் சிதறும். 2021 ஜனவரியில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இம்முறையில் நரி ஒன்றைக் கொன்றதாக 12 பேர் கைது செய்யப்பட்டனர்.

சட்ட நிலை

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, நரி ஐந்தாம் அட்டவணையில் காகம், எலி ஆகியவற்றுடன் தீங்குயிராக வைக்கப்பட்டிருந்தது. அதாவது சுட்டால் குற்றமில்லை. பின்னர் அது இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, புலி, யானை ஆகியவை உள்ள முதல் அட்டவணைக்கு நரியும் உயர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் ஒரு விலங்கு அடிமட்டத்திலிருந்து உச்சப் பாதுகாப்புக்கு வந்துள்ளது.

இச்சட்டத்தில் வேட்டை என்பது கொல்வதை மட்டும் குறிப்பதன்று. நஞ்சிடுதல், கண்ணி வைத்தல், பிடித்தல், துரத்துதல், இவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. துப்பாக்கி உரிமம் வைத்திருப்பது இதற்கு விலக்கு ஆகாது. விலங்கு தாக்கும்போது நல்லெண்ணத்துடன் உயிரைக் காத்துக்கொள்ளும் செயல் மட்டும் குற்றமாகாது.

பயிர்ச்சேதம் மிகும் இடங்களில் சில விலங்குகளுக்கு வேறு ஏற்பாடு உண்டு. கேரளத்தில் 2022 முதல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நரிக்கு இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

தென்சென்னைப் புறநகரில்

கிண்டி தேசியப் பூங்கா 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2.70 சதுர கி.மீ. பரப்புள்ள இப்பூங்காவில் வெளிமான், புள்ளிமான் ஆகியவற்றுடன் நரியும் வாழ்கிறது. மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காடு ஏறத்தாழ 320 ஹெக்டேர் பரப்புடையது. வண்டலூரில் 1985 முதல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா காப்புக்காட்டு நிலத்தில் அமைந்துள்ளது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

நன்மங்கலம் காட்டை ஓர் எளிய கணக்கால் அளந்து பார்க்கலாம். 320 ஹெக்டேர் என்பது 3.2 சதுர கி.மீ. அதனை ஒரு வட்டமாகக் கொண்டால் ஆரம் 1 கி.மீ. மட்டுமே. காட்டின் நட்டநடுவில் நின்று எத்திசையில் சுட்டாலும், 3 கி.மீ. செல்லும் குண்டு 1 கி.மீ.க்குள் காட்டைக் கடந்துவிடும். அதன்பின் அது செல்வது தெருக்கள், பள்ளிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மேலாகத்தான். கிண்டிப் பூங்காவின் பரப்பு இன்னும் குறைவு.

இது வெறும் கணக்கன்று. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பாதுகாப்புப் படையினர் பயிற்சி பெற்ற துப்பாக்கிச் சுடுதளத்திலிருந்து விலகி வந்த குண்டு, வீட்டில் உணவு உண்டுகொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் சிறுவன் இறந்தான். அதற்கெனவே ஒதுக்கப்பட்ட தளத்தில் பயிற்சி பெற்றவர்கள் சுடும்போதே இது நேர்ந்தது.

பள்ளிக்கரணைக்கு ஈயம் பற்றிய எச்சரிக்கை பொருந்தும். வலசை வாத்துகளும் உள்ளூர் நீர்ப்பறவைகளும் இரைதேடும் சேற்றில் விழும் ஒவ்வொரு ரவையும் பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கும்.

சுடுவதற்கு எதிரான குரலும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் மக்கள், ஏரியில் கூடு கட்டும் பறவைகளை ஆங்கிலப் படைவீரர்கள் சுடுவதாக ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். நரியும் இவ்வாறே பயன் தருவது. வயல் எலி, நண்டு, செத்த விலங்குகள் ஆகியவற்றை உண்டும், நாவல், இலந்தை போன்ற பழங்களின் விதைகளைப் பரப்பியும் வாழ்கிறது.

சுட்டுக் குறைப்பதும் எளிதன்று என்பதைக் கொயோட்டியின் வரலாறு காட்டுகிறது. நூறாண்டுகளுக்கு மேலாகச் சுட்டும் நஞ்சிட்டும் கொல்லப்பட்டபோதும், அது மேற்குச் சமவெளிகளிலிருந்து கிழக்குக் கடற்கரை வரையும் நடு அமெரிக்கா வரையும் பரவியுள்ளது.

நரி தென்பட்டால் செய்ய வேண்டியவை

நரி பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் நடமாடும். மனிதரைக் கண்டால் விலகிச் செல்லும். குடியிருப்புப் பகுதியில் தென்பட்டால் துரத்தவோ கல்லெறியவோ கூடாது; அது வெளியேற வழி விட்டு விலகி நிற்க வேண்டும். இறைச்சிக் கழிவுகளையும் உணவுக் குப்பையையும் திறந்த இடத்தில் கொட்டாதிருப்பதும், கோழிகளை இரவில் உறுதியான கூண்டில் அடைப்பதும் அது மீண்டும் வருவதைத் தடுக்கும்.

காயப்பட்ட நரியையோ, கண்ணியில் சிக்கிய நரியையோ கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னையின் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் கிண்டியில் உள்ளது. துப்பாக்கிச் சத்தம் கேட்டாலோ, வேட்டை நடப்பதாக ஐயம் ஏற்பட்டாலோ 112 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்கலாம்.

பகலில் தள்ளாடி நடக்கும், அச்சமின்றி மனிதரை நெருங்கும், வாயில் நுரை தள்ளும் நரிக்கு வெறிநோய் இருக்கக்கூடும். நரி கடித்தாலோ கீறினாலோ காயத்தை உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஆழமான காயமானால் நோயெதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். நாய்க்கடிக்கு அளிக்கப்படும் அதே சிகிச்சையே இதற்கும் உரியது.